வேலையில் உயர்வு, கையில் பணம், கர்த்தர்மேல் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகும் விசுவாசிகள் போதகரிடமும் மூப்பர்களிடமும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விகள் இவை. வேதம் நேராகச் சொல்வதை வசன எண்ணோடு கொடுத்திருக்கிறோம். வேதம் சொல்லாமல் நம் பொறுப்பில் விட்டிருக்கும் இடங்களில் எங்கள் கருத்தைக் கருத்து என்றே சொல்லியிருக்கிறோம்.

பதவி உயர்வுக்கு ஆசைப்படுவது பாவமா?

ஆசைப்படுவது பாவமல்ல. எதற்காக, எந்த வழியில் என்பதில்தான் பாவம் நுழைகிறது. மாற்கு 10-ல் யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். பெரியவனாக விரும்பியதற்காக இயேசு அவர்களை விரட்டவில்லை. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால்" என்று தொடங்கி, அப்படிப்பட்டவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று வழியை மாற்றிக் கொடுக்கிறார்.

பவுல் பயன்படுத்தும் இரண்டு கிரேக்கச் சொற்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிலிப்பியர் 2:3-ல் "வாது" என்று நாம் வாசிப்பது, தன் லாபத்துக்காக ஆள் சேர்த்து, கட்சி கட்டி முன்னேறுகிற குணம். அதை அவர் அடியோடு விலக்கச் சொல்கிறார். மேன்மையை நாடிப் பாடுபடுதல் என்ற பொருளுள்ள வேறொரு சொல் புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் வருகிறது: ரோமர் 15:20, 2 கொரிந்தியர் 5:9, 1 தெசலோனிக்கேயர் 4:11. மூன்றிலும் நல்ல அர்த்தம்தான்.

உங்கள் ஆசை எந்த வகை என்று தெரிந்துகொள்ள, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள். இந்தப் பதவிக்காக நான் என்னென்ன செய்ய மாட்டேன்? பக்கத்து மேசைக்காரருக்கு அது போனால் அடுத்த திங்கட்கிழமை அவரிடம் எப்படி நடந்துகொள்வேன்? கிடைத்தால் கூடுதலாக வரும் பணமும் அதிகாரமும் யாருக்குப் பயன்படும்? முடிவு வந்த பிறகு எழுதினால் மனம் தனக்குச் சாதகமாகவே எழுதும். தானியேல் 1:8-ஐக் கவனியுங்கள். ராஜாவின் போஜனத்தைத் தொடுவதில்லை என்று தானியேல் தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்ட பிறகுதான் அதிகாரியிடம் பேசப் போகிறார். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்களுக்கு இதுவே அடிப்படை: பணமும் நெருக்கடியும் வந்து நிற்பதற்கு முன்பே தீர்மானம் எடுங்கள்.

பணமே தீமை என்று வேதம் சொல்கிறதே?

அப்படிச் சொல்லவில்லை. 1 தீமோத்தேயு 6:10 சொல்வது பண ஆசையைப் பற்றி. இயேசுவின் ஊழியத்தைத் தங்கள் ஆஸ்தியால் தாங்கிய பெண்கள் லூக்கா 8:3-ல் இருக்கிறார்கள். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்ற வியாபாரி.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்துபோவதும் சரியல்ல. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவான் திருடவில்லை, ஏமாற்றவில்லை. அவன் நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். அந்த உவமையில் அவன் யாரோடு பேசுகிறான் என்று பாருங்கள். வேலைக்காரனோடு இல்லை, அண்டை வீட்டாரோடு இல்லை, தேவனோடும் இல்லை. தன் ஆத்துமாவோடு மட்டும் பேசுகிறான். என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. பணத்தைப் பற்றிய உங்கள் எல்லா முடிவுகளும் உங்கள் தலைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன என்றால், தொகை சிறிதாக இருந்தாலும் அந்த மனிதனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள்.

சம்பளம் கூடுகிறது, கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு நடப்பது கூடுதல் சம்பளம் வருவதற்கு முந்தைய மாதத்தில். உயர்வு உறுதி என்று தெரிந்ததுமே புதிய தவணை ஒன்றில் கையெழுத்துப் போடுகிறோம். வரியும் பிடித்தமும் போக வருவது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். தவணை மட்டும் முழுசாக நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை வரும் போனஸை மாத வருமானம்போல நினைத்துச் செலவை ஏற்றுவது இரண்டாவது தவறு.

கணக்காகவே பார்க்கலாம். இதுவரை மாதம் 100 பங்கு வந்தது, இனி 120 என்று கடிதம் வந்திருக்கிறது. அந்த 20-ல் பிடித்தம் 4 என்றால் கைக்கு வருவது 16. அதை முதல் சம்பளம் வருவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள்: கொடுப்பதற்கு 4, கடன் அடைக்க அல்லது சேமிக்க 6, வீட்டுக்கு 6. வீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். எதையும் அனுபவிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் திட்டம் நான்கைந்து மாதத்தில் உடைந்துபோகும். முதல் இரண்டு பங்குகளும் சம்பளம் வரும் நாளிலேயே வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம், சேர்க்கலாம் என்றால் மிஞ்சாது.

மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். வருட வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது அவர் 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, அதன்பின் 120. வாழ்க்கைச் செலவு 28-லேயே நின்றது, கடைசியாகக் கொடுத்தது 92. அந்த மனிதர் வெஸ்லிதான் என்று பரவலாகக் கருதப்படுகிறது. குடும்பமும் குழந்தைகளும் இருப்பவர்கள் இதை அப்படியே செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் "இவ்வளவு போதும்" என்று ஓர் எல்லையை எண்ணாகவே எழுதி வைத்து, வருமானம் ஏறும்போது அந்த எண்ணையும் கூடவே ஏற்றாமல் பிடித்து வைப்பது எல்லோராலும் முடியும். விலைவாசிக்காக வருடம் ஒருமுறை திருத்திக்கொள்ளலாம்.

தசமபாகம் முழுச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

சபைக்குச் சபை போதனை வேறுபடுகிறது. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் ஒரே ஒரு பத்து சதவீதம் என்று சொல்லிவிட முடியாது. லேவியருக்கு உரியது எண்ணாகமம் 18-ல் வருகிறது. குடும்பமாக ஆண்டவர் சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டியது உபாகமம் 14-ல் வருகிறது. மூன்றாம் வருஷத்தில் பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் வாசலில் வைக்க வேண்டியதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் சதவீதம் எதையும் குறிப்பதில்லை. 1 கொரிந்தியர் 16:2-ல் வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கச் சொல்கிறார். 2 கொரிந்தியர் 9:7-ல் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, "தன் மனதில் நியமித்தபடியே" என்கிறார். தானியேலின் தீர்மானம் இங்கேயும் வருகிறது.

எங்கள் கருத்து: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருடம் முழுவதும் மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போதே பத்து முடியாது என்றால் 3 சதவீதத்தில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு 1 சதவீதம் கூட்டுங்கள். மூன்றரை வருடத்தில் 10-ஐத் தொட்டுவிடுவீர்கள். அதற்குள் கை கொடுக்கப் பழகியிருக்கும், 10-ல் நிற்கவும் மனம் வராது.

கடன் இருக்கும்போது காணிக்கை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரோமர் 13:7-8 யாருக்கு என்ன கடமையோ அதைச் செலுத்தச் சொல்கிறது. தவணை தேதியைத் தாண்டிவிட்டு மேடையில் பெரிய தொகை அறிவிப்பது கடன் கொடுத்தவரின் பணத்தைக் காணிக்கையாக்குவது. மாற்கு 7-ல் இயேசு கண்டிக்கும் "கொர்பான்" இதே வகைதான். தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை அவர் சும்மா விடவில்லை.

கார்டுக் கடன் எப்படி வளர்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. மாதம் 3 சதவீத வட்டி என்றால் சிறியதாகத்தான் தோன்றும். எதுவும் கட்டாமல் விட்டால் 100 ஒரு வருடத்தில் 142-க்கு மேல் போய்விடும்; இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்களுக்குப் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் அசைவதே தெரியாது. ஆகவே எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, மீதி எவ்வளவு, வட்டி என்ன, கட்ட வேண்டிய தேதி எது. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சும் ஒவ்வொரு காசையும் அதிக வட்டி உள்ளதன்மேல் போடுங்கள். அது முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகை முழுவதையும் அடுத்ததற்குத் திருப்புங்கள். இந்த நாட்களில் காணிக்கை சிறிதாக இருக்கட்டும், நிற்காமல் இருக்கட்டும்.

இன்னொன்று. அடுத்தவர் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்துப் போடச் சபையிலேயே கேட்பார்கள். நீதிமொழிகள் 6:1-5-ஐ வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். முழுத் தொகையையும் நீங்களே கட்ட நேர்ந்தால் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காது என்றால், முடிந்ததைச் சும்மாவே கொடுத்துவிடுவது உறவையும் காப்பாற்றும்.

"காணிக்கையை விதையாக விதைத்தால் நூறு மடங்கு திரும்ப வரும்" என்கிறார்களே?

நூறத்தனை என்ற வாக்கு மாற்கு 10:30-ல் இருக்கிறது. அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பிரசங்கிக்கிறவர் வசனத்தின் பாதியைத்தான் கொடுக்கிறார். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20-ல் இருக்கிறது, வாசியுங்கள். வாடகைக்கு வைத்திருந்த பணத்தை இப்படிப் போட்டுவிட்டுத் திண்டாடுகிறவர்களைப் பார்க்கையில் நெஞ்சு பதறுகிறது.

எந்த ஊழியத்துக்குக் கொடுப்பதானாலும் கேட்க வேண்டியவை சில உண்டு. பணத்தை எண்ணுவது எத்தனை பேர்? வருடக் கணக்கை வெளியாள் தணிக்கை செய்கிறாரா? அந்த அறிக்கை அங்கத்தினருக்குக் கிடைக்குமா? தலைவரின் சம்பளத்தை முடிவு செய்வது யார்? இப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. 2 கொரிந்தியர் 8:20-21-ன்படி யாரும் குற்றப்படுத்த இடமில்லாதபடி மற்றவர்களையும் கூடவே அனுப்புகிறார். கேட்டதற்காகக் கோபப்படும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

மேலதிகாரி பொய்க்கணக்கு எழுதச் சொன்னால்?

செய்யக்கூடாது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 சொல்லியாகிவிட்டது. எப்படி மறுப்பது என்பதுதான் கடினம்.

முதலில், கேட்டது நீங்கள் நினைத்ததுதானா என்று உறுதி செய்யுங்கள். சில நேரம் அது அவசரத்தில் தவறாகச் சொன்னதாக இருக்கும். "இந்தத் தேதியை மாற்றச் சொல்கிறீர்களா? பில்லில் இருக்கும் தேதி வேறாக இருக்கிறதே" என்று அமைதியாக, முடிந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல கோரிக்கைகள் தானாகவே மறைந்துவிடும். பிறகு, செய்ய முடிந்த நேர்மையான மாற்று ஒன்றைச் சொல்லுங்கள்: தாமதத்தை விளக்கிக் கடிதம் எழுதித் தருகிறேன், திருத்திய கணக்கை இன்று மாலைக்குள் தயார் செய்கிறேன் என்பதுபோல. அப்போதும் வற்புறுத்தினால், "என்னால் இதில் கையெழுத்திட முடியாது" என்ற ஒரே வாக்கியம் போதும். அந்த நேரத்தில் பிரசங்கம் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். அலுவலகத்தில் புகார் வழி இருந்தால் பயன்படுத்துங்கள்.

இதில் பலர் பார்க்கத் தவறுவது சேமிப்பின் பங்கு. அடுத்த மாதச் சம்பளம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவருக்கு "முடியாது" என்ற வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். மூன்று முதல் ஆறு மாதச் செலவு தனிக்கணக்கில் இருந்தால் அது எளிதாக வெளியே வரும்.

வேலையையே விட்டுவிட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். லூக்கா 3:12-14-ல் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடம் வந்து என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு கெட்ட பேர் வாங்கிய வேலைகள் அவை. அவர்களையும் வேலையை விடச் சொல்லாமல், விதித்ததற்கு மேல் வாங்காதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளமே போதுமென்று இரு என்கிறார். வேலையே பாவமாக இருந்தால் விட வேண்டியதுதான். வேலைக்குள் பாவம் இருந்தால், உள்ளே நின்று மறுக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு.

ஆராதனை நாளில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மறுக்கலாமா?

மருத்துவமனை, மின்சாரம், தீயணைப்பு போன்ற வேலைகளில் யாராவது இருந்தே ஆக வேண்டும். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று மாற்கு 2:27 சொல்கிறது. அவர்கள் வேறொரு நாளை ஓய்வுக்கென்று உறுதியாகப் பிரித்து, சபையின் வேறு ஆராதனைக்கோ வீட்டுக்கூட்டத்துக்கோ போகலாம்.

மற்றவர்களுக்குத் தானியேலின் முறையைச் சொல்வோம். அவர் அதிகாரியிடம் வெறுமனே மறுக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாரும் என்று காலவரையோடு ஒரு மாற்று வைத்தார். நீங்களும் அப்படியே கேளுங்கள். "ஞாயிறு காலை என்னால் வர முடியாது. சனிக்கிழமை முழுநாளும், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேலும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் இப்படிப் பார்ப்போம், வேலை பின்தங்கினால் மறுபடி பேசலாம்." வேலைக்குச் சேரும் நேரத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் வந்துவிட்டு ஏழாவது மாதம் சொன்னால் சாக்குபோலத் தெரியும்.

சேமிப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. எறும்பு கோடையில் சேர்ப்பதை நீதிமொழிகள் 6 பாராட்டுகிறது. யோசேப்பு ஏழு செழிப்பான வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார். எதற்காக, எவ்வளவு என்று பெயர் எழுதிச் சேருங்கள். பெயரில்லாத சேமிப்புக்குத்தான் எல்லை தெரியாது.

கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஊர் போகலாமா?

சம்பளத்தை மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். இப்போது 100 பங்குக்கு வாரம் 45 மணி வேலை, 5 மணி பயணம், மொத்தம் 50. புதிய இடத்தில் 130 பங்கு, ஆனால் 60 மணி வேலை, 10 மணி பயணம், மொத்தம் 70. முன்பு ஒரு மணிக்கு 2 கிடைத்தது, இனி 1.86-க்கும் குறைவு. சம்பளம் ஏறியதுபோல இருக்கும், உங்கள் நேரத்தின் விலை இறங்கியிருக்கும். வாடகை வித்தியாசத்தை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

ஆதியாகமம் 13-ல் லோத்து தனக்கு இடம் தேர்ந்தெடுக்க யோர்தான் சமபூமியை ஏறெடுத்துப் பார்த்தபோது அது எங்கும் நீர்வளம் பொருந்தியதாக இருந்தது. அவன் பார்த்தது தவறில்லை. பார்க்காமல் விட்டது அங்கே சோதோமில் வாழ்ந்த பொல்லாத மனிதர்களை. ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த ஊருக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே சபையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அங்கே வேலை பார்ப்பவர் ஒருவரிடம் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று கேளுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ மனதில்லாத இடமாற்றத்தைத் தேவசித்தம் என்று சொல்லித் திணிக்காதீர்கள்.

கணவனும் மனைவியும் பணத்தில் ஒத்துப்போகவில்லை என்றால்?

மாதம் ஒருமுறை, சம்பளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அரைமணி நேரம் உட்காருங்கள். பில் வந்த அன்று பேசினால் சண்டைதான். போன மாதம் போனது, இந்த மாதம் வருவது, கொடுக்கப்போவது என்று மூன்றை மட்டும் பாருங்கள். இவ்வளவுக்கு மேல் செலவென்றால் இருவரும் பேசித்தான் என்று ஒரு தொகையை வையுங்கள். அதற்குக் கீழே யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு சிறு தொகை இருவருக்குமே இருக்கட்டும். வீட்டில் இருப்பவருக்கும் அதே அளவு. மறைத்து அனுப்பும் பணம், அது சபைக்கே போனாலும், பின்னால் பெரிய காயமாகிறது.

வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தால்தான் தேவனுக்குப் பிரியமா?

பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிக்கொண்டே பிரசங்கித்தார். கொலோசெயர் 3:23 "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று சொல்வது அடிமைகளுக்குக் கொடுத்த அறிவுரையின் நடுவில். மேடை ஊழியர்களிடம் சொன்னது அல்ல. அழைப்பு உண்மை என்றால் அது ஒரு வருடம் பொறுக்கும். அந்த வருடத்தில் கடனை முடியுங்கள், மாலை நேரத்தில் அந்த ஊழியத்தையே செய்து பாருங்கள், உங்களை நன்கு அறிந்த இரண்டு மூப்பர்களிடம் வெளிப்படையாக அபிப்பிராயம் கேளுங்கள். வேலை பிடிக்காமல் ஓடுவதும் அழைப்பும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியும். வெளியே இருப்பவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

வேலை போய்விட்டது. காணிக்கை கொடுக்க முடியவில்லை, சபைக்கு வரவே கூச்சமாக இருக்கிறது.

வாருங்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. வருமானம் இல்லாத மாதத்தில் காணிக்கைப் பை உங்களைத் தாண்டிப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை.

முதல் வாரத்திலேயே கடன் கொடுத்தவர்களை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். தவணை தவறுவதற்கு முன் பேசினால் அவகாசமோ குறைந்த தவணையோ கேட்க முடியும், தவறிய பின் அபராதமும் சேர்ந்துவிடும். கையிருப்பை மாத அத்தியாவசியச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதுங்கள். சபையில் உதவி நிதி இருந்தால், "கொஞ்சம் கஷ்டம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வாடகைக்கு இரண்டு மாதம் இவ்வளவு குறைகிறது" என்று தொகையோடு சொல்லுங்கள். உதவுகிறவர்களுக்கு அதுதான் எளிது. ஜெபக்குறிப்பாக மட்டும் கொடுக்காமல், என்ன வேலை தெரியும், எத்தனை வருட அனுபவம், எப்போதிலிருந்து சேர முடியும் என்று நான்கு வரி எழுதி, வேலைக்கு ஆள் எடுக்கும் நிலையில் இருக்கிற சகோதர சகோதரிகளின் கையிலும் கொடுங்கள்.